சான்றுகளை எடைபோடும் கலை: மதுரை சுல்தானகத்தை முன்வைத்து

வரலாற்றில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயிலும் நம் பிள்ளைகளிடம் ஆய்வு நெறியாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியலையே. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அடுக்கி வைப்பது அன்று அது. ஒவ்வொரு நூலின் கீழும் நான்கைந்து வரிகளில், இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார், எந்த அளவுக்கு இதை நம்பலாம் என்று தீர்ப்புரைப்பது.

இது நமக்கு அந்நியமான கலை அன்று. அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்ந்த பின்னரே ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்றனர். பக்தாதின் இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல் தொகுத்த 'ஃபிஹ்ரிஸ்த்', நூல்களோடு அவற்றின் ஆசிரியர்களைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்தே தந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பதினான்காம் நூற்றாண்டின் மதுரை சுல்தானகம் பற்றி ஒரு மாணவர் ஆராய்கிறார் எனக் கொள்வோம். அண்மையில் வெளிவந்த நூலிலிருந்து தொடங்கி, அதன் அடிக்குறிப்புகள் வழியே பின்னோக்கிச் செல்வதே எளிய வழி. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு போன்ற துணைமைச் சான்றுகள், அவரை முதன்மைச் சான்றுகளிடம் கொண்டு சேர்க்கும். அவை முக்கியமாக நான்கு.

முதலாவது, இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'. இரண்டாவது, ஜியாவுத்தீன் பரனி 1357இல் முடித்த பாரசீக வரலாறு. டெல்லியிலிருந்து பார்க்கும் பரனிக்கு மதுரை ஓர் அரசன்று, ஒரு கிளர்ச்சி. மூன்றாவது, கங்காதேவியின் 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியம். சுல்தானகத்தை வென்ற குமார கம்பணனின் மனைவி பாடியது அது. 1916இல் திருவனந்தபுரத்தில் சுவடியாகக் கிடைத்தது. நான்காவது, சுல்தான்களின் நாணயங்கள். பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் அவை உறுதிசெய்யும். மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்று சொல்லா. ஹிஜ்ரி ஆண்டு ஒன்று இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடும் என்பதால், 740 (1339–40) என்றே குறிப்பது முறை.

இனி, முதல் சான்றுக்கு ஒரு குறிப்புரை எழுதிப் பார்ப்போம்:

"ஆசிரியர் மதுரைக்கு நேரில் வந்தவர், சுல்தான் கியாசுத்தீனுக்கு மணவழி உறவினர். எனவே அரசவைச் செய்திகளுக்கு நேரடிச் சாட்சி. ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மொராக்கோவில் அவர் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதியது. ஆதலால் நாள், எண்ணிக்கை ஆகியவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். சுல்தானின் போர்முறையையும் நகரில் பரவிய கொள்ளைநோயையும் ஆராயும் இயலுக்குப் பயன்படும்."

இங்கேதான் சோதனை வருகிறது. கைதிகளிடமும் பெண்கள், குழந்தைகளிடமும் அந்தச் சுல்தான் காட்டிய கொடுமையை இப்னு பதூதா கண்டித்தே பதிவுசெய்கிறார். காவியமோ பகையரசின் அவையில் பிறந்தது; அதன் வருணனைகளை அப்படியே செய்தியாகக் கொள்ள இயலாது. ஆனால் அதைக் காரணங்காட்டி, நம்மவரின் உறவினரே தந்த சாட்சியத்தை விட்டுவிட முடியுமா? நமக்குப் பாதகமானதை மறைத்துச் சாதகமானதை மட்டும் திரட்டினால், அது நூற்பட்டியல் அன்று, வழக்கறிஞரின் வாதம். நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியுடன் சாட்சியம் பகர வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை அல்லவா?

இன்று மதுரை சுல்தானகம் பற்றி வெறுப்பாகவும் பெருமிதமாகவும் பலர் பேசுகின்றனர். இரு தரப்பிலும் சான்று காட்டுவோர் குறைவு. ஒவ்வொரு சான்றும் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல வல்லதன்று என்று நிதானமாக எழுதும் மாணவர் ஒருவர் நம் வீட்டிலிருந்து வரட்டும். அவர் சொல்லை மாற்றுக் கருத்தினரும் மறுக்கத் தயங்குவர்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் உண்மை உரைக்கும் துணிவையும் அருள்வானாக. ஆமீன்.