ஏலமும் ஏலமும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இருபொருள் தரும். ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரநிழலில் விளையும் நறுமணக் காய். மற்றொன்று, பலர் போட்டியிட்டு விலை கேட்க, மிகுதியாகக் கேட்டவருக்குப் பொருளை விற்கும் முறை. முன்னது தொன்றுதொட்டு வழங்குவது. பின்னது அலமாரி, சாவி, சன்னல் ஆகியவற்றைப் போலப் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வேரால் தொடர்பில்லாத இவ்விரு சொற்களும் கைகோத்து நிற்கும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே ஏலம் ஏலத்திற்கு வருகிறது.

இந்தக் காயின் விலையை யார் தீர்மானித்தார் என்று கேட்டுப் பார்த்தால், அவ்வூரின் வரலாறே விரியும்.

ஏலமலை திருவிதாங்கூர் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் அரசின் தனியுரிமைப் பொருள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குடியானவர் காட்டைத் திருத்திக் காயெடுத்தனர். ஆனால் விரும்பியவருக்கு அதை விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சரக்கு அரசின் கைக்குச் சென்று ஆலப்புழையில் விலைபோயிற்று. இன்றும் வணிகர் நாவில் வழங்கும் 'ஆலப்பி கிரீன்' என்னும் தரப்பெயர் அக்காலத்தின் எச்சம். அந்நூற்றாண்டு முடியுமுன் தனியுரிமை நீங்கி நிலவரி வந்தது; வணிகம் தனியார் கைக்கு மாறியது. மலையடிவாரத்துப் போடி அவ்வணிகத்தின் வாயிலாக வளர்ந்தது. 1928இல் மதுரையிலிருந்து இரயிலும் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. தோட்டங்கள் எல்லைக்கு அப்பால். கிடங்குகளும் வணிகரும் தொழிலாளர் வீடுகள் பலவும் எல்லைக்கு இப்பால் என்றாயிற்று.

இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் கண்காணிப்பில் போடியிலும், மலைமேல் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. வாய்விட்டு விலை கூவிய காலம் போய், வணிகர் கணினியின்முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகின்றனர். முறை நேர்மையானதே. எனினும் விலையை ஆட்டுவிக்கும் கைகள் அந்த அறைக்கு வெளியே இருக்கின்றன. அரபு நாடுகளின் காப்பிக் குவளையும், உலகச் சந்தையில் நம்மை முந்திய குவாத்தமாலாவின் விளைச்சலும், நம் மலையின் மழையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. 2018 ஆகஸ்டு வெள்ளத்தால் தோட்டங்கள் சிதைந்தன, வறட்சியும் தொடர்ந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோவின் உச்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இலோ சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வீழ்ந்தது. உரமும் மருந்தும் கடனுக்கு வாங்கிய சிறு விவசாயிக்கு இவ்வீழ்ச்சி பேரிடி.

அவருக்கும் கீழே இன்னொருவர் இருக்கிறார். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியமர்ந்து போடிமெட்டு ஏறும் பெண்களை அவ்வழியே செல்வோர் அறிவர். ஏலச்செடி தன் காயை உச்சியில் காட்டுவதில்லை. அடித்தூரில், மண்ணையொட்டி நீளும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காயெடுப்பு என்பது நாள் முழுதும் குனிந்த முதுகு. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். "எங்க வீட்டுப் பாயாசத்துக்கு ஒடஞ்ச காய்தான் சாமி வாங்குவோம். வாசம் மட்டும் சேலையிலயே வந்துரும்" என்று ஒரு தாய் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. விலை பல மடங்காக உயர்ந்த ஆண்டில் அவர் கூலி அவ்வாறு உயரவில்லை. ஆனால் அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளையின் பள்ளிச் செலவு எதுவும் ஏலக்காயோடு சேர்ந்து இறங்குவதில்லை.

அவர் தம் கூலியோடு செல்லும் சந்தைக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் காய்கறி விளைவித்தவர் தரகரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலையைப் பெற்றுத் திரும்புவார். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் போடி உட்படப் பல ஊர்களுக்கும் அது பரவியது. கடை வாடகை இல்லை. தராசும் அரசே தருகிறது. மொத்த விலையைவிட மிகுதியாகவும் கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்று விலை குறிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. 2001க்குப் பின் சில ஆண்டுகள் சந்தைகள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006க்குப் பின் புத்துயிர் பெற்றன. குறைகள் இன்றும் இல்லாமலில்லை. ஆயினும் விளைவித்தவரும் உண்பவரும் முகம் பார்த்துப் பேச அங்கே இடம் கிடைத்தது.

கடல்கடந்து செல்லும் ஏலக்காயை உழவர் சந்தையில் விற்றுவிட முடியாதுதான். ஆனால் அந்தப் பலகை ஓர் உண்மையைச் சொல்கிறது: விலை என்பது மழையைப் போல வானிலிருந்து விழுவதன்று, மனிதர் கூடிச் சீராக்கக் கூடியது. கூலியும் அப்படியே. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நீதியாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்க அது போதுமானதாக வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கற்பித்தார். மூணாற்றுப் பயணம் முடித்து இறங்கும் நாம் போடிக் கடையில் 100 கிராம் பொட்டலம் வாங்குகிறோம்; பருமனையும் பசுமையையும் பார்த்துப் பேரம் பேசுகிறோம். இனி அதைப் பிரிக்கும்போது, அந்த மணம் இன்னொருவர் சேலையிலும் இருக்கிறது என்பதை நினைப்போம்.