சிவப்பு அட்டையும் ரஜூலா கப்பலும்

நம் பிள்ளைகளிடம் முன்னோர் வரலாற்றைக் கேட்டால், "கப்பலில் வந்தார்கள், காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வந்தவர் அனைவரும் இங்கேயே தங்கிவிட்டனர் என்பது அவர்களின் எண்ணம். உண்மை வேறு. 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர்கள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பிச் சென்றுவிட்டனர். மலாயா விடுதலை பெற்ற அந்த ஆண்டில் இங்கிருந்த இந்தியர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேரே.

கங்காணி தம் ஊருக்கே சென்று உறவினரை அழைத்து வந்த காலத்தில், சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்புவதே பலரின் திட்டம். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, அந்தத் திட்டம் அவர்கள் கையை விட்டுப் போனது. வேலையிழந்தோர் பெருந்திரளாக ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1934இல் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்கியதும் அவர்களுள் சிலர் திரும்பவும் கப்பலேறினர். தேவைப்பட்டால் அழைப்பதும் தேவையில்லையென்றால் அனுப்புவதுமாக இருந்த அந்த ஏற்பாட்டுக்கு 1938இல் இந்திய அரசு தடை விதித்தது.

1969இல் நடந்தது வேறு வகை. குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற்றால்தான் தோட்டத்தில் வேலை செய்யலாம் என்ற விதி அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யாதவர்களும் சான்றிதழ் இல்லாதவர்களும் தோட்டப்புறங்களில் ஏராளம். நீல அடையாள அட்டையும் சிவப்பு அட்டையும் ஒரே லயத்தில், ஏன், ஒரே வீட்டில்கூட இருந்தன. அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

அவர்களுள் என் சின்னத் தாத்தாவும் ஒருவர். என் தாத்தாவிடம் நீல அட்டை; அவருடைய தம்பியிடம் சிவப்பு. 1970இல் சின்னத் தாத்தா சேமநிதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். பிள்ளைகள் 1958இலும் 1960இலும் இங்குப் பிறந்தவர்கள். சட்டப்படி இந்நாட்டுக் குடிமக்கள். ஆனால் பெற்றோரை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்?

ஊர் சேர்ந்த சின்னத் தாத்தாவுக்கு மகிழ்ச்சிதான். பிறந்த மண், பங்காளிகள், குலதெய்வக் கோயில். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார். அவர் எழுதிய கடிதங்களில் மலாயாவைப் பற்றிய ஏக்கமே இராது என்று என் தந்தையார் கூறுவார். சின்னப் பாட்டியின் நிலை அப்படியன்று. தோட்டத்தில் பிறந்து, பத்து வயதிலேயே பால்மரம் வெட்டப் பழகியவர் அவர். அதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லை. கணவருக்கு அது ஊர் திரும்புதல். அவருக்கோ பரதேசம் போதல். தம் பெயரில் சம்பளம் வாங்கிப் பழகிய பெண், அங்கே கைச்செலவுக்குக் கணவரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

2006இல் நான் அவ்வூருக்குச் சென்றபோது தாத்தாவும் பாட்டியும் இல்லை. அந்த வீட்டுக்கு இன்னமும் "மலாயாக்காரர் வீடு" என்றே பெயர். அவர்களின் மகள், எனக்கு அத்தை முறை, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கே படித்த பள்ளியின் தலைமையாசிரியர் பெயரை அவர் சட்டென்று சொன்னார். அவருடைய தம்பியோ, நல்லவேளை வந்துவிட்டோம், இங்கே சொந்த நிலத்தில் நிற்கிறேன் என்றார். இருவரையும் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்களைக் குடும்ப மரம் வரையச் சொல்லும்போது, சில மரங்களில் ஒரு கிளை மட்டும் பெயரின்றி நிற்பதைக் காண்கிறேன். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1969இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். வீட்டுப் பெரியவர்களிடம், திரும்பிப் போனவர்கள் யார், எந்தக் கப்பலில், எந்த ஊருக்கு என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். பழைய சிவப்பு அட்டையோ கப்பல் சீட்டோ வான்கடிதமோ பெட்டியடியில் இருந்தால், நகலெடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.