அறிதுயில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏழு பிராகாரங்களுக்குள் தென்திசை நோக்கிப் பள்ளிகொண்ட அரங்கனின் துயிலை நம் முன்னோர் வெறுந்துயில் என்னாமல் அறிதுயில் என்றே வழங்கினர். உறங்குகிறவனே உலகைக் காக்கிறான் என்னும் அந்த எண்ணத்தைச் சுற்றியே ஸ்ரீரங்கத்தின் நித்திய கைங்கரியங்கள் அமைந்திருக்கின்றன. நந்தவனம் வைத்து மாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனைத் துயிலெழுப்பப் பத்துப் பாசுரங்கள் அருளிய காலந்தொட்டு எழுப்புதலும் உறங்கச் செய்தலும் இவ்வூரில் ஒரு கலையாகவே வளர்ந்தன. இராப்பத்து நாள்களில் உற்சவரான நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்புகையில் வீணை ஏகாந்தம் நடைபெறும். அன்றாடம் இரவிலோ, வெல்லமும் நெய்யும் சேர்ந்த அன்னம் அமுது செய்விக்கப்பட்ட பிறகே நடை சாத்தப்படும். அந்த அன்னத்துக்குப் படுக்கையின் பெயரையே சூட்டி ‘அரவணை’ என்றார்களே, அதில்தான் என் மனம் நெடுநேரம் நின்றுவிடுகிறது.

உணவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவு ‘உண்ட களைப்பு’ என்று நாம் எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் அது செல்லும் வழிகளுள் ஒன்றைச் சரீர சாஸ்திரம் கண்டது அண்மைக் காலத்தில். மூளைத்தண்டின் அடிப்பாகமான முகுளத்திலிருந்து இறங்கி, இருதயம், சுவாசப்பை, இரைப்பை என்று சஞ்சரிக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஆணை கொண்டு செல்வன அல்ல, வயிறு நிறைந்தது போன்ற செய்திகளை மேலே கொணர்வன. அச்செய்திகள் வந்து சேரும் முகுளப் பகுதியை மெதுவான மின்துடிப்புகளால் தூண்டியபோது, பூனையின் மூளையில் துயிலுக்குரிய அலைகள் எழுந்ததை இத்தாலியின் பீசா நகரில் நரம்பியல் ஆய்வாளர் மொருட்சியும் அவர் கூட்டாளிகளும் 1961-இல் வெளியிட்டனர். அதே மொருட்சிதான் 1949-இல் மகௌனுடன் சேர்ந்து, மூளைத்தண்டின் நடுவே வலைபோல் பின்னிய பகுதியைத் தூண்டினால் மூளை விழித்தெழும் என்றும் காட்டியவர். பள்ளியெழுச்சியும் அரவணையும் ஒரே சந்நிதியில் நிகழ்வதுபோல, விழிப்புக்கும் துயிலுக்கும் உரிய இடங்கள் கட்டைவிரல் பருமனான ஒரே தண்டில் அமைந்திருப்பது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது.

அத்தண்டோ நாம் உறங்கும்போதும் ஓய்வதில்லை. ஆழ்ந்த துயிலில் வேகஸின் வழியே இருதயத்தை நிதானப்படுத்தி, மூச்சை ஒரே சீராக நடத்திக்கொண்டிருக்கிறது. அறிதுயில் என்ற சொல்லை ஆக்கியவர்கள் உறங்கும் குழந்தையின் மார்பில் கைவைத்துப் பார்த்தவர்களாகவே இருக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். சித்திரை வீதித் திண்ணையில் கண்ணயர்ந்த யாத்திரிகனும் அப்படித்தான், தன்னையறியாமல் இரவெல்லாம் காக்கப்பட்டு, பசுவும் யானையும் முன்னிற்கும் விசுவரூப சேவைக்கு விடியலில் எழுந்து போகிறான்.