துப்பாக்கியும் கையச்சும்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் நான் பெரிய பிரசங்கம் ஒன்று செய்து, நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டேன். பத்திரிகைகளெல்லாம் அப்போது லாஸ் வேகாஸ் நகரத்துச் சம்பவத்தைப் பற்றியே எழுதிக் கொண்டிருந்தன. 2017 அக்டோபர் 1-ந் தேதி இரவு, ஒரு மனிதன் ஹோட்டல் ஜன்னலிலிருந்து, கீழே பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்த ஜனக் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். சுமார் பத்து நிமிஷத்தில் 1000-க்கு மேற்பட்ட குண்டுகள்! பின்னால் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் மாண்டார்கள்.

"இதற்கெல்லாம் காரணம் 1791-ல் அமுலுக்கு வந்த ஒரு வாக்கியம்" என்று ஆரம்பித்தேன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் அது. சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை, ஆகையால் ஆயுதம் வைத்துக் கொள்ள ஜனங்களுக்கு உள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்பது அதன் தாத்பரியம். அதை எழுதிய மகானுபாவர்கள் கண்ட துப்பாக்கியே வேறு அல்லவா? தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்து, அப்புறம்தான் குறி பார்க்க வேண்டும். கை தேர்ந்த சிப்பாய்கூட நிமிஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் சுடுவது கஷ்டம். "பத்து நிமிஷத்துக்கு முப்பது! அந்தத் துப்பாக்கிக்குக் கொடுத்த உரிமையை இந்தத் துப்பாக்கி எப்படி அனுபவிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, வெற்றிப் பெருமிதத்துடன் சுற்றிலும் பார்த்தேன்.

நண்பரின் தகப்பனார் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பழைய வக்கீல். "தம்பி, நீங்கள் கதை எழுதுகிறவர் அல்லவா?" என்றார்.

"ஆமாம்."

"அந்த இரண்டாவது திருத்தத்துக்கு முந்தின திருத்தம்தான் பேச்சுக்கும் பத்திரிகைக்கும் சுதந்திரம் கொடுத்தது. இரண்டும் ஒரே நாளில் அமுலுக்கு வந்தவை. அன்றைக்குப் பத்திரிகை என்றால் மரத்தால் செய்த கையச்சு. இரண்டு ஆட்கள் வியர்க்க வியர்க்க இழுத்தால் மணிக்கு 200 தாள். துப்பாக்கிக்காரன் பழைய துப்பாக்கியோடு நிற்க வேண்டுமென்றால், உங்கள் சுதந்திரமும் கையச்சோடு நிற்க வேண்டியதுதானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் முதல் கதையைக் கம்பாஸிட்டர் ஒருவர் ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது கதை அனுப்புவது கைப்பேசியில். நடுவில் எந்த இடத்தில் என் சுதந்திரம் தீர்ந்து போயிற்று என்று எப்படிச் சொல்வது?

பேச்சையும் ஆயுதத்தையும் ஒரே கொட்டிலில் கட்டியவர்கள் அமெரிக்கர்கள் மட்டுமல்ல. நம்மை ஆண்ட லிட்டன் பிரபு 1878-ஆம் வருஷத்தில் இரண்டு சட்டங்கள் கொண்டு வந்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. அமிர்த பஜார் பத்திரிகை இங்கிலீஷுக்கு மாறித் தப்பித்துக் கொண்டது. துப்பாக்கிக்கு அப்படிப் பாஷை மாற்றும் வசதி இல்லை.

பெரியவர் என் வாயை அடைத்த பிறகு நான் புத்தகங்களைப் புரட்டினேன். புதிய யந்திரத்தைக் கண்டு நீதிபதிகளே திகைத்துப் போன கதை ஒன்று அகப்பட்டது. சினிமாவின் கதை அது. ஒஹாயோ மாகாணத்தில் 1913-ல் படங்களைத் தணிக்கை செய்ய ஒரு சபை ஏற்படுத்தினார்கள். மியூச்சுவல் என்ற படக் கம்பெனி வழக்குப் போட்டது. 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: சினிமா லாபத்துக்காக நடத்தும் வெறும் வியாபாரம், அதைப் பத்திரிகையோடு சேர்க்க முடியாது. பத்திரிகையைத் தர்மத்துக்கா அச்சடித்துக் கொடுக்கிறார்கள்? நாவலையும்தான் விலைக்கு விற்கிறோம்! ஆனாலும் அந்தத் தீர்ப்பு 37 வருஷம் நிலைத்து நின்றது.

அதைக் கவிழ்த்தது ஒரு சின்ன இத்தாலியப் படம். ரோஸலினி எடுத்த 'அற்புதம்'. பேதைப் பெண் ஒருத்தி வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள், கர்ப்பவதியாகிறாள், ஊரார் கேலிக்கு ஆளாகிறாள். அந்த வழிப்போக்கனாக நடித்தவர், பிற்காலத்தில் தாமே பெரிய டைரக்டராகப் பெயரெடுத்த ஃபெலினி. மத நிந்தனை என்று சொல்லி நியூயார்க்கில் 1951-ல் படத்தின் லைசென்ஸை ரத்துச் செய்தார்கள். பர்ஸ்டின் என்ற விநியோகஸ்தர் விடவில்லை. 1952-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, இதுவும் ஏகமனதாகத்தான், சினிமாவும் கருத்தைச் சொல்லும் சாதனமே என்று ஒப்புக் கொண்டது.

ஆகவே பெரியவர் கட்சிதான் ஜெயித்தது என்று தோன்றும். 2008-ல் ஹெல்லர் என்பவர் வழக்கில் நீதிபதி ஸ்காலியா, அந்தக் காலத்து ஆயுதங்களுக்கு மட்டுமே உரிமை என்ற வாதத்தை ஏறக்குறைய விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட்டார். திண்ணையில் கேட்ட அதே நியாயம்தான்! எனினும் என் மனம் முழுவதும் சமாதானமாகவில்லை. உரிமை என்பது கருவிக்கு அல்ல, அது செய்யும் காரியத்துக்கு. அதிகாரத்தில் இருப்பவரை முகத்துக்கு நேரே கேட்பது அச்சின் காரியம். அந்தக் காரியம் இன்றும் பாக்கி இருக்கிறது. துப்பாக்கியின் காரியம் என்ன? அந்த வாக்கியமே முன்னுரையில் சொல்கிறது: குடிப்படை. 1775 ஏப்ரலில் லெக்ஸிங்டன் ஊர்ப் பொட்டலில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எதிரே நின்றவர்கள் சொந்தத் துப்பாக்கியோடு வந்த ஊர்க்காரர்கள். 1792-ல் இயற்றிய சட்டப்படி 18 முதல் 45 வயது வரை திடகாத்திரமான ஒவ்வொரு வெள்ளைக்கார ஆடவனும் தன் செலவில் துப்பாக்கியும் பயனெட்டும் 24 தோட்டாக்களும் வைத்திருக்க வேண்டும். உரிமை மட்டுமா, கட்டாயம்! அந்தப் படை கலைந்து எவ்வளவோ காலமாயிற்று. இன்று படைக்குச் சர்க்காரே துப்பாக்கி கொடுக்கிறது. ஹெல்லர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் வீட்டில் தற்காப்புக்காகவும் இந்த உரிமை உண்டு என்றார்கள். நான்கு பேர் மறுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த நால்வர் பக்கம்தான் நான். தவறான கட்டுரைக்கு மறுநாள் மறுப்பு எழுதலாம், லாஸ் வேகாஸில் இறந்தவர்களுக்காக யார் என்ன மறுப்பு எழுத முடியும்?

இப்படித் தீர்மானம் செய்து கொண்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பெண் ஒருத்தியின் வழக்கைப் படித்தேன். பழைய காதலன் அவளை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன். அவன் நெருங்கக் கூடாதென்று கோர்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உத்தரவுகள் வாங்கியும் பிரயோஜனமில்லை. ஒரு சிநேகிதர் அவளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் சிறு கைக்கருவி ஒன்றைக் கொடுத்தார். ஓர் இரவு வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் காத்திருந்தான். கருவியை எடுத்துக் காட்டினாள். அவன் போய்விட்டான். அவ்வளவுதான், யார் மேலும் ஒரு கீறல் கூட இல்லை. பிற்பாடு போலீசார் அவள் கைப்பையில் அதைக் கண்டு, மாகாணச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். தண்டனையை உறுதி செய்த மாகாணத்தின் உயர்ந்த கோர்ட்டு சொன்ன காரணங்களில் ஒன்று, சட்டத் திருத்தம் எழுதிய காலத்தில் இப்படிப்பட்ட கருவி புழக்கத்தில் இல்லை என்பது. நான் திண்ணையில் செய்த பிரசங்கம்தான்! என்னுடைய வாதம், அடிபட்ட ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கி நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. 2018-ல், வேறொரு வழக்கில், மாகாணக் கோர்ட்டே அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. லெக்ஸிங்டன் ஊரும் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது.