‘போல’ மறையும் இடம்: திருவனந்தபுரத்தில் கணினிக்குள் பறந்த ஊர்திகள்

2016 மே 23 அன்று காலை 7 மணிக்கு, திட எரிபொருள் ஏவூர்தி ஒன்றின் தலைமேல் அமர்ந்து ஒரு சிறிய இறக்கை ஊர்தி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதன் நீளம் 6.5 மீட்டர், எடை 1.75 டன். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டபின் ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் வளிமண்டலத்துக்குள் இறங்கி, 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் குறிக்கப்பட்டிருந்த இடத்தை அடைந்தது. மொத்தப் பறப்பு ஏறத்தாழ 770 நொடிகள். ஆர்.எல்.வி.-டி.டி. எனப்பட்ட இம்மறுபயன்பாட்டு ஊர்தியின் முன்மாதிரி திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது. பறப்புக்கு முன் அது காற்றுச் சுரங்கத்தில் 120 மணி நேரமும், கணினிவழிப் பாய்ம இயக்கவியல் கணக்கீட்டில் 5,000 மணி நேரமும் கண்டிருந்தது. இவற்றோடு 1,100 முறை பறப்பு உருவகப்படுத்தலும் நடந்தது. வானில் ஒருமுறை பறப்பதற்காக அவ்வூர்தி கணினிக்குள் 1,100 முறை பறந்தது.

இந்த 1,100 பறப்புகள் எதை மெய்ப்பித்தன? இவ்வினா பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. ஒன்றைப் போன்ற இன்னொன்றைச் செய்து, அதைக்கொண்டு முதலதை அறிய முயலும் எல்லா அறிவுத்துறைக்கும் உரியது. திருவனந்தபுரத்தின் அறுபதாண்டு அனுபவம் இதற்கு ஒரு விடையைத் தருகிறது. அவ்விடை பெரும்பாலும் தோல்விகளின் வழியே கிடைத்தது.

சிமுலேஷன் என்பதற்குத் தமிழில் வழங்கும் ‘உருவகப்படுத்தல்’ என்ற சொல் இங்கு உதவுகிறது. உவமையில் ‘போல’ முதலிய உருபு வெளிப்பட்டோ தொக்கோ நிற்கும். பொருளும் உவமையும் வேறு என்ற உணர்வு அழிவதில்லை. உருவகத்தில் அவ்வேறுபாடு மறைகிறது. ‘தாமரை போன்ற முகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். தண்டியலங்காரம் உருவகத்தைத் தனி அணியாக வகுத்தது. தொல்காப்பியம் அவ்வாறு வகுக்கவில்லை. ஆனால் உவமை எந்த அடிப்படையில் பிறக்கிறது என்பதை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தது. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பன அவை. ஒரு மாதிரியைக் காணும்போது ‘இது எதனால் ஒத்திருக்கிறது?’ என்று கேட்பதற்கு இதைவிடத் தெளிவான கருவி தேவையில்லை.

பறப்புச் சிமுலேட்டரின் வரலாற்றையே இந்நான்கின் வழி வாசிக்கலாம். 1929இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிக் கருவி, அவருடைய தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையில் பயன்பட்ட காற்றுத்துருத்திகளால் இயங்கியது. குட்டை இறக்கைகள் கொண்ட அந்தப் பெட்டி மெய்யால் விமானத்தைச் சரிவர ஒக்கவில்லை; சாய்வதிலும் திரும்புவதிலும், அதாவது வினையால், ஒத்தது. 1934இல் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்ற அமெரிக்க இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் உயிரிழந்த பின்னரே இராணுவம் அக்கருவிகளை வாங்கியது. வினையால் ஒத்தல் பயனால் ஒத்தலாகவும் ஏற்கப்பட்ட தருணம் அது.

புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய மென்பொருளை 1982இல் மைக்ரோசாஃப்ட் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தபோது சிமுலேட்டர் வீட்டுக்குள் நுழைந்தது. நாளடைவில் உலகையும் வளிமண்டலத்தையும் ஒரு நிறுவனம் தர, அதில் பறக்கும் விமானங்களை வெளியார் செய்து சேர்க்கும் மரபு வளர்ந்தது. இக்கூடுதல் விமானங்கள் இருவகைப்படும். எளியவை மெய்யாலும் உருவாலும் ஒப்பவை: வெளித்தோற்றம், வண்ணப்பூச்சு, கண்கவர் விமானியறை. சிக்கலானவை வினையால் ஒப்பவை. அவற்றில் ஒரு மின்னாக்கி நின்றால் அதைச் சார்ந்த திரைகள் மட்டும் அணையும். திரவ அழுத்தம் குறைந்தால் அதற்குரிய கட்டுப்பாட்டுப் பரப்புகள் மட்டும் மந்தமாகும். இத்தகைய விமானத்தைச் சோதிப்போர் சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாக முடித்துப் பறப்பதோடு நிறுத்துவதில்லை. வரிசையை மாற்றியும், பாதியில் விட்டும், பழுதுகளை ஏவியும் பார்ப்பார்கள். ‘சரியாகப் பறக்கிறதா?’ என்பது எளிய வினா. ‘சரியாகப் பழுதாகிறதா?’ என்பதே கடினமானது.

இக்கடின வினாவைத் திருவனந்தபுரம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தியான நைக்-அப்பாச்சி ஏவப்பட்டது. அவ்வகை ஏவூர்திகள் காற்றைத் துளைத்து மேலேறி விழுபவை. தம் பாதையைத் தாமே திருத்திக்கொள்ளும் தேவை அவற்றுக்கு இல்லை. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்க வேண்டிய எஸ்.எல்.வி.-3 வந்தபோதுதான் கட்டுப்பாடு என்ற சிக்கல் முழுமையாக எழுந்தது. அதன் முதல் பறப்பு 1979 ஆகஸ்ட் 10 அன்று தோற்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த அடைப்பிதழ் ஒன்று பழுதுபட்டு, அங்கிருந்த நைட்ரிக் அமிலம் கசிந்துபோனது காரணம். பறப்புப்பாதைச் சமன்பாடுகள் எவ்வளவு நுட்பமாயினும், கசியும் அடைப்பிதழைத் தாமாகச் சொல்லிவிடுவதில்லை. அது கசியக்கூடும் என்று எவரேனும் அவற்றுக்குச் சொல்ல வேண்டும். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவூர்தி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. 1987 மார்ச் 24, 1988 ஜூலை 13 ஆகிய இருமுறையும் வீழ்ந்தது. முதன்முறை, பக்கவாட்டு உந்துகலன்கள் எரிந்து முடிந்தபின் மையக் கட்டம் எரியவில்லை. இரண்டாம் முறை, ஒன்று அணைந்து மற்றொன்று பொறுப்பேற்கும் இடைவெளியில் கட்டுப்பாடு போதாமல் ஊர்தி காற்றின் விசையால் சிதைந்தது. இரு தோல்விகளும் ஒரு கட்டம் இன்னொன்றுக்குக் கைமாறும் கணத்தில் நிகழ்ந்தமை நோக்கத்தக்கது. தனித்தனியே ஒத்திருந்த உறுப்புகள் சந்திக்கும் இடத்தில் ஒப்புமை உடைந்தது.

இங்கு உருவகப்படுத்தலின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்பது நலம். ஊர்தியின் இடப்பெயர்ச்சி மூன்று திசைகளிலும் சுழற்சி மூன்று அச்சுகளிலும் கணக்கிடப்படுகிறது. வெவ்வேறு வேகத்திலும், காற்றை எதிர்கொள்ளும் கோணத்திலும் எவ்வளவு விசை பிறக்கும் என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து அட்டவணையாக்கி ஊட்டுகிறார்கள். காற்றோட்டம், எடைக் குறைவு, உந்துவிசையின் ஏற்றத்தாழ்வு ஆகியன சேர்கின்றன. பின்னர் படிப்படியாக மாதிரிகளை அகற்றி உண்மைக் கருவிகளை நுழைக்கிறார்கள். முதலில் ஊர்தியில் செல்லவிருக்கும் கணினியே கணக்கின் கண்ணியில் இணைகிறது. பிறகு சுழல்மேசையில் பொருத்திய உணரிகள். பிறகு கட்டுப்பாட்டுப் பரப்புகளையும் உந்துமுனைகளையும் அசைக்கும் இயக்கிகள். அவ்வுணரிகளை உருவாக்கும் இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவும் திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவில்தான் உள்ளது. ஒவ்வொரு படியிலும் ‘போல’ என்பது ஓரிடத்தில் நீங்கி ‘அதுவே’ வந்து அமர்கிறது. எஞ்சியுள்ள ‘போல’ எங்கே இருக்கிறது என்பதை மறவாதிருப்பதே அக்கூடத்தின் முதன்மைப் பணி எனலாம்.

1993 செப்டம்பர் 20 அன்று பி.எஸ்.எல்.வி. முதன்முறை புறப்பட்டது. இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் பிரியும் வேளையில் எதிர்பாராத பெரிய அசைவு ஏற்பட்டது. அசைவை அடக்க வேண்டிய கட்டுப்பாட்டு மென்பொருளில், ஊர்தியின் மூக்கை மேலும் கீழும் திருத்தும் பகுதியில், ஒரு பிழை ஒளிந்திருந்தது. திருத்தக் கட்டளை குறிப்பிட்ட உச்ச அளவைத் தாண்டும்போது மட்டுமே வெளிப்படும் எண்வழிவுப் பிழை அது. நாழியின் கொள்ளளவுக்கு மேல் நெல்லை அளந்தால் வழிவது போல, கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தை மீறினால் அவ்வெண் பொருளிழக்கிறது. எல்லைக்குள் நடந்த எந்தப் பறப்பிலும் அப்பிழை தலைகாட்ட வழியில்லை. ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள் கடலில் விழுந்தது. மாதிரி ‘சரியாகப் பறந்தது’, ‘சரியாகப் பழுதாகவில்லை’. அடுத்த ஆண்டு, 1994 அக்டோபர் 15 அன்று, பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பறப்பு வென்றது.

இப்பிழை திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதன்று. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியேன்-5 தன் முதல் பறப்பில் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்பே சிதறியது. காரணம், 64 இருமக் கூறு எண்ணொன்றை 16 கூறு முழு எண்ணாக மாற்றும்போது நேர்ந்த வழிவு. ஏரியேன்-4க்கு எழுதப்பட்ட நிரல் பகுதி, அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் விரையும் புதிய ஊர்தியில் அப்படியே இடம்பெற்றிருந்தது. முழுப் பறப்பையும் உருவகப்படுத்திய சோதனைகளில் அந்த நிலைம வழிகாட்டிக் கருவி நேரில் சேர்க்கப்படவில்லை. அதன் இடத்தில் அதன் மாதிரியே நின்றது. எந்த உறுப்புக்கு ‘போல’ போதும் என்று கருதப்பட்டதோ அந்த உறுப்பே ஊர்தியை வீழ்த்தியது.

மனித உயிர் சேரும்போது இவ்வினாவின் எடை கூடுகிறது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நிகழ்ந்த இரு போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் இறந்தனர். அவற்றின்பின், விமானிகளைப் பயிற்றும் 737 மேக்ஸ் சிமுலேட்டர்களின் மென்பொருள் சில பறப்பு நிலைகளைச் சரிவரக் காட்டவில்லை என்பதை 2019 மே மாதத்தில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. கையால் சுழற்றும் சமன்செய் சக்கரம் எவ்வளவு கடினமாகும் என்பதை அவை உணர்த்தவில்லை. மெய்யாலும் உருவாலும் அந்தச் சிமுலேட்டர்கள் குறையற்றவை; வினையால் ஒத்திராத ஓர் இடம் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஆர்.எல்.வி. தரையிறக்கச் சோதனைகளின் வரிசை பொருள்படுகிறது. 2023 ஏப்ரல் 2 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில், விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் இறக்கை ஊர்தியை 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்தது. விமானி இல்லாத அவ்வூர்தி தானே ஓடுபாதையைத் தேடி இறங்கியது. 2024 மார்ச் 22 அன்று, வேண்டுமென்றே ஓடுபாதை நேர்கோட்டிலிருந்து 150 மீட்டர் விலக்கி விடுவித்தார்கள். 2024 ஜூன் 23 அன்று, அதே உடலை மீண்டும் பயன்படுத்தி, 500 மீட்டர் விலக்கினார்கள். காற்றும் அன்று கடுமையாயிருந்தது. பின்னிழுவிசையோடு ஒப்பிட இவ்வூர்தியின் தூக்குவிசை குறைவு. ஆதலால் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது தரையைத் தொட்டது. வான்குடை வேகத்தை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குக் குறைக்க, சக்கரத் தடைகள் அதை நிறுத்தின.

பூச்சியம், 150, 500 என்ற இவ்வரிசையை வெறும் சாதனைப் பட்டியலாக வாசிப்பது போதாது. நன்றாகச் செல்லும் பறப்பை மீண்டும் மீண்டும் நிகழ்த்துவதற்கு மாறாக, நன்றாகச் செல்லாத பறப்பைத் திட்டமிட்டுப் படைத்தார்கள். 1993இல் உச்ச அளவுக்கு அப்பால் ஒளிந்திருந்ததைப் போன்ற பிழை எங்கேனும் இருக்குமாயின், அது எல்லையை நெருங்கும்போதே அகப்படும். இன்னொன்றும் கருதத்தக்கது. சித்ரதுர்காவில் பறந்ததும் விண்ணிலிருந்து திரும்பிய ஊர்தியன்று. அவ்வாறு திரும்பும் ஊர்தியின் இறுதிக் கட்டத்தை ஒத்த ஒன்று. உண்மையான வானில், உண்மையான காற்றில் நடந்த அப்பறப்பும் ஓர் உருவகப்படுத்தலே. சுற்றுப்பாதையிலிருந்து மீள்வது என்ற ‘அதுவே’ இன்னும் வரவில்லை.

வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஏரியேன்-5 விசாரணைக் குழுவின் அறிக்கை விபத்து நிகழ்ந்த 1996ஆம் ஆண்டிலேயே எவரும் படிக்கும்படி வெளியானது. உலகின் பல்கலைக்கழகங்களில் மென்பொருள் சோதனையின் பாடமாக இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, அதே இனத்துப் பிழையைத் திருவனந்தபுரம் கண்டறிந்து திருத்தியது. அக்கதை பெரும்பாலும் சில வரிச் சுருக்கமாகவே பொதுவெளியில் வழங்குகிறது. வெற்றிகளின் நாளும் எடையும் உயரமும் பாடநூல்களில் உள்ளன. எந்த மாதிரி எதை விட்டுவிட்டது, அதை எவ்வாறு கண்டார்கள் என்னும் பதிவே அறிவின் சொத்து. வலியமலையில் விண்வெளி பயிலும் மாணவருக்கும், வீட்டுக் கணினியில் ஒரு கூடுதல் விமானத்தைச் செய்து சோதிக்கும் இளைஞருக்கும் அதுவே முதலில் தேவைப்படுவது.

உருவகம் கவிதையில் ‘போல’ என்பதை மறைக்கலாம். அதனால் கவிதை சிறக்கும். பொறியியலில் மறைந்த ‘போல’ ஒருநாள் கடலில் விழுந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். சோதனை என்பது மறைந்த அவ்வுருபைத் தேடி எடுத்து, அதன் உரிய இடத்தில் மீண்டும் எழுதும் வேலை.