பிழியும் விசையின் சரித்திரம்

இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறுமென்று 1911-இல் பிரகடனமான பின்னர், புதிய நகரின் நிர்மாணத்தின் பொருட்டு மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய இடங்களினின்று அகற்றப்பட்ட ஜனங்கள் குடியேறிய பிரதேசமே கரோல் பாக். 1947-இன் பிரிவினையில் வீடிழந்து வந்த பஞ்சாபியரும், சர்க்கார் உத்தியோகத்தை நாடி வடக்கே வந்த தமிழரும் பிற்பாடு அதனை நிறைத்தனர். அந்நாட்களில் துணி தோபியிடம் போகும், அல்லது குழாயடியில் துவைபடும்; கனத்த போர்வையாயின் இருவர் இரு முனைகளைப் பற்றி எதிரெதிராக முறுக்கிப் பிழிவர். சலவையில் புஜபலத்தை மிகுதியும் வேண்டியது இப்பிழிதலே.

1980-களின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே தயாரான இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின்கள் மத்தியதர வகுப்பினரின் இல்லங்களில் புகுந்தபோது, அந்தப் பலத்தின் ஸ்தானத்தைச் சுழற்சி ஏற்றது. நிமிஷத்துக்கு 1,300 முறை சுழலும் தொட்டியில், அச்சினின்று 12 சென்டிமீட்டர் விலகி அரைக் கிலோ ஈரத்துணி ஒருபுறமாக ஒதுங்கிவிட்டால், அது நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்கு நிகரான விசையோடு, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளிலும் மாறி மாறி இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. யந்திரம் அதிர்வதும், வழவழப்பான தரையில் இடம்பெயர்வதும் இக்காரணத்தாலேயே.

இவ்விசையை அடக்க முதலில் தோன்றிய உபாயம் பந்தனமே. 1937-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெண்டிக்ஸ் தானியங்கி யந்திரத்தைத் தரையோடு போல்ட்டு வைத்து முடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஸ்வீடன் தேசத்து குஸ்தாவ் தெ லாவல், தம் நீராவிச் சுழலிக்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய தண்டை அமைத்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் சுழலும் பொருள் தன் பாரத்தின் மையத்தையே அச்சாகக் கொண்டு சாந்தமடையும் என்று நிரூபித்திருந்தார். தொட்டியை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் உப்புநீர் நிரம்பிய வளையத்தைப் பொருத்தும் பிற்காலத்து முறைக்கு ஆதாரமானது இத்தத்துவமே. ஸ்பின் தொடங்கும்போது குலுங்கும் யந்திரம் முழு வேகத்தில் அமைதி பெறுவதும் இதனால்தான்.

ஆயினும் யந்திரத்துக்குள் தீராத மிச்ச விசையைத் தரையே ஏற்றாக வேண்டும். பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்ட கரோல் பாக்கில், யந்திரத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மேல்தளத்துப் பால்கனியோ, நீர் வடிவதற்காகச் சரித்துக் கட்டிய குளியலறையோதான். நான்கு கால்களுள் ஒன்று தரையில் அழுந்தப் பதியாவிட்டாலும், குளிர்காலத்துக் கம்பளி ஒன்றைத் தனியே போட்டாலும், அதிர்வு பன்மடங்காகிறது.

பிழியும் விசை கைகளை விட்டு யந்திரத்துக்கும், அதன் வழியே கட்டடத்துக்கும் மாறியதே இச்சரித்திரத்தின் சாரம். அதனால் விடுபட்டவை பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆதலின் வீட்டைத் திட்டமிடும்போதே யந்திரத்துக்கென்று உறுதியான சமதளம் ஒன்றை ஒதுக்குவது, வீடு கட்டுவோர் அக்கைகளுக்குச் செலுத்தவேண்டிய நியாயமான மரியாதையாகும்.