பெனடிக்ட் முட்டையும் கொடைக்கானலும்

கொடைக்கானல் கடைகள் சிலவற்றில் இப்போது 'எக்ஸ் பெனடிக்ட்' கிடைக்கிறது. வட்ட ரொட்டி, பன்றி இறைச்சித் துண்டு, வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை, மேலே வெண்ணெயும் மஞ்சள் கருவும் அடித்த 'ஒலாந்தேஸ்' சாஸ். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயர் பழக்கம். பெயர்தான் ஹாலந்து, பக்குவம் பிரெஞ்சுக்காரர்களுடையது.

"வெள்ளைக்காரன் விட்டுப்போன பலகாரம்" என்பார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி இங்கே வீடு கட்டியது 1845. நியூயார்க் டெல்மோனிகோ உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர் இதைத் தம் புத்தகத்தில் அச்சேற்றியது 1894. ஆக, பலகாரத்தைவிட நம்ம ஊர் அரை நூற்றாண்டு மூத்தது.

பெருமாள்மலையிலிருந்து பஸ் ஏறிப் போய் நாலு கடை பார்த்தேன். மூன்றில் முட்டையின் வெள்ளை சரியாக வேகவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியின் நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. நாலாவது கடையில் பதம் பிசகவில்லை. செய்தவர் மலையிலேயே பிறந்த பையன். "கடிகாரம் பார்க்க மாட்டேன் ஐயா, கரண்டியில் எடுத்துத் தொட்டுப் பார்ப்பேன்" என்றார்.

பலகாரம் அமெரிக்கா, சாஸ் பிரான்சு. பதம் மட்டும் நம்ம மலையுடையது.